ஒரு சொல்லுக்குள் ஒரு தீர்ப்பு



தமிழ்மொழி கற்பிக்கும் ஆசிரியை என்ற முறையில் இன்று ஒரு சொல்லைப் பற்றி எழுதுகிறேன். 'கற்பழிப்பு' என்று நாளேடுகள் நெடுங்காலம் எழுதின. நாமும் பேசிப் பழகிவிட்டோம். அச்சொல்லைப் பிரித்துப் பாருங்கள். குற்றம் புரிந்தவன் அதில் இல்லை. பாதிக்கப்பட்டவளிடம் ஏதோ அழிந்துபோயிற்று என்ற தீர்ப்புதான் இருக்கிறது. ஆகவே, "அந்நேரத்தில் அங்கு ஏன் போனாள்? என்ன உடுத்தியிருந்தாள்?" என்று அவளையே விசாரிக்கிறோம்.

ஆண்பிள்ளையின் நிலை வேறு. கற்பு பெண்ணுக்கே உரியது என்று எண்ணும் சமுதாயத்தில் அவனுக்கு நேர்ந்த கொடுமைக்குப் பெயரே இல்லை. "ஆம்பிளைப் பையனுக்கு என்ன ஆகிவிடும்?" என்று சிரிப்பவரும் உண்டு. அவளுக்குப் பழி, அவனுக்கு ஏளனம். இருவரும் வாய்மூடிக் கிடக்க, தீங்கு செய்தவன் தலைநிமிர்ந்து நடக்கிறான்.

மலேசியாவின் 2017ஆம் ஆண்டு சிறார் பாலியல் குற்றச் சட்டம் 18 வயதுக்குட்பட்ட அனைவரையும் சிறார் என்றே கொள்கிறது. ஆண், பெண் என்று பிரிக்கவில்லை. குற்றம் நடந்தது தெரிந்தும் தகவல் தராதிருப்பதும் அச்சட்டப்படி குற்றமே. சட்டம் கடந்துவிட்ட வேலியை நம் நாவும் கடக்க வேண்டாமா?

இனி 'பாலியல் வன்கொடுமை' என்றே சொல்வோம். மகனோ மகளோ, மாணவனோ மாணவியோ, நம்மிடம் வாய்திறந்தால் கேள்வி கேட்பதற்கு முன், "உன்னை நம்புகிறேன், தவறு உன்னுடையதன்று" என்போம். பிறகு காவல்துறையிடமோ 15999 என்ற உதவி எண்ணிலோ தயங்காமல் தெரிவிப்போம்.