காவென்ட்ரியில் ஒரு சக்கர விசித்திரம்

இங்கிலாந்தின் காவென்ட்ரி நகரில், 1940 நவம்பர் 14 இரவு ஜெர்மானியர் பொழிந்த குண்டுமாரியால் பாழான தேவாலயம் இன்றும் கூரையின்றி நிற்கிறது. நம்மை ஆண்டவர்களின் தேசந்தான். ஆயினும் அங்கே மனம் கனக்கிறது.

இவ்வூர்ப் பிரௌன்ஸ் லேன் தொழிற்சாலையில் 1961 முதல் உருவானதே ஜாக்குவார் ஈ-டைப் மோட்டார். 2005-ல் அங்கே கார் உற்பத்தி நின்றது. அந்தப் பழைய வண்டிகளோ இன்னும் ஓடுகின்றன. ஆனால் பின் சக்கரம் அளவு மீறிச் சாய்ந்தால் டயரின் உள்விளிம்பு தேய்ந்துவிடும். மழைநாள் வளைவில் உயிருக்கே ஆபத்து. சக்கரத்தைச் சுழற்றும் தண்டே அதன் மேற்புறத்தைத் தாங்கும் கையுமாக அமைந்திருப்பதுதான் விசித்திரம்! ஆகையால் தண்டுக்கும் பிரேக் தட்டுக்கும் இடையே ஷிம் என்னும் மெல்லிய தகடுகளைச் செருகிச் சாய்வைத் திருத்துகிறார்கள். அரை மில்லிமீட்டர் தகடு ஒன்றுக்குச் சக்கரம் ஏறக்குறைய கால் பாகை நிமிர்கிறது. அவசரக்காரன் இருபுறமும் ஒரே கணக்கில் தகடு போடுவான். தேர்ந்த தொழிலாளியோ ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியே அளந்த பிறகே தகட்டைத் தொடுகிறான்.