கேட்காத காதும் பேசாத குரலும்

எங்கள் அக்கா மெதுவாகப் பேசுவாள். பக்கத்து அறையில் இருப்பவருக்குக்கூட எட்டாத குரல். அந்தக் குரலை வைத்தே அவளைப் பொறுமைசாலி என்று ஊர் சொன்னது, நாங்களும் சொன்னோம். அது குணமல்ல, காதின் கோளாறு என்று தெரிந்துகொள்ள எனக்கு ஐம்பது வயது கடக்க வேண்டியிருந்தது.

சிறு வயதிலிருந்தே அவளுக்கு இரண்டு காதிலும் சீழ் வடியும். எண்ணெய் காய்ச்சி ஊற்றியது, பூண்டைத் தட்டிப் போட்டது என்று வீட்டு வைத்தியம் எல்லாம் நடந்தது. சீழ் உள்ளே எலும்பை அரித்துக்கொண்டே போயிற்று. 1981இல், அவளுடைய பத்தொன்பதாவது வயதில், அடுத்தடுத்து இரண்டு அறுவை சிகிச்சைகள். காதின் பின்புறத்து எலும்பைக் குடைந்து, அரிபட்டுப்போன சுத்தி எலும்பையும் பட்டடை எலும்பையும் எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஆபத்து நீங்கியது, கேள்வி போயிற்று. அருகில் நின்று இரைந்து பேசினால் கேட்கும். சாதாரணப் பேச்சு கேட்காது. காது மிஷின் வாங்கிக் கொடுத்தோம். அதன் அச்சு காதை அடைத்ததும் மறுபடியும் சீழ் வந்தது. மூன்று முறை முயன்று, பிறகு அதைப் பீரோவில் வைத்துவிட்டாள்.

ஒரு பத்திர எழுத்தர் அலுவலகத்தில் தட்டச்சராகச் சேர்ந்தாள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஊராருடைய கிரயப் பத்திரங்களையும் பாகப் பிரிவினைகளையும் அடித்தாள். திருமணம் கூடிவரவில்லை. என் வீட்டிலேயே இருந்தாள்.

2018இல் சென்னையில் ஒரு காது மருத்துவரிடம் அவளை அழைத்துப் போனேன். அவர் ஓர் இசைக்கவையைத் தட்டி அவள் காதருகே பிடித்தார். அக்கா உதட்டைப் பிதுக்கினாள். அதே கவையின் காம்பைக் காதுக்குப் பின்னால் எலும்பின்மேல் ஊன்றினார். அக்காவின் கண்கள் விரிந்தன. ஜெர்மானிய மருத்துவர் ரின்னே 1855இல் எழுதிவைத்த சோதனை இது. இன்றும் அதற்கு அவர் பெயர்தான். ஒலி உள்காதை அடைய இரண்டு வழிகள் உண்டு. காற்று வழியாக வந்து செவிப்பறையை அசைத்து மூன்று சிற்றெலும்புகளின் மூலம் போவது ஒன்று. மண்டையோட்டின் அதிர்வாக நேரே போவது மற்றொன்று. அக்காவுக்கு முதல் வழி அடைபட்டிருந்தது. நத்தைக்கூடு போன்ற உள்காது பழுதின்றி இருந்தது.

"இவங்க மெதுவாப் பேசுவாங்களே?" என்று மருத்துவர் கேட்டார். ஆமென்றேன். நம் குரல் நமக்கு எலும்பு வழியாகவும் கேட்கிறது. ஒலிப்பதிவில் நம் குரலைக் கேட்டு நாம் திடுக்கிடுவது அந்த எலும்புப் பங்கு அதில் இல்லாததால்தான். வெளி வழி அடைபட்டவர்களுக்கு ஊர்ச் சத்தம் குறைந்துவிடும், சொந்தக் குரல் ஓங்கி ஒலிக்கும். ஆகவே தணித்துப் பேசுவார்கள். உள்காதே பழுதானவர்கள், தம் குரலும் சரியாகக் கேட்காததால், உரக்கப் பேசுவார்கள். முப்பத்தேழு ஆண்டுகள் நாங்கள் பொறுமை என்று பெயரிட்டு வைத்திருந்ததற்கு இரண்டு நிமிடத்தில் விளக்கம் கிடைத்துவிட்டது. கல்யாண வீட்டில் தவில் முழங்கும்போது மட்டும் அவள் எங்கள் பேச்சை ஒழுங்காகப் பிடித்துக்கொள்வாள். "வேண்டியதுதான் கேட்கும்" என்று கேலி செய்திருக்கிறோம். சத்தத்துக்கு நடுவே எல்லோரும் இரைந்து பேசுகிறார்கள், அந்தச் சத்தமோ அவள் காதில் பாதிகூட ஏறுவதில்லை என்ற எளிய கணக்கு எங்களுக்குத் தோன்றவில்லை.

நிற்க. எலும்பு வழியாகக் கேட்க முடியும் என்பது பழைய செய்தி. பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியரான கார்டானோ, பற்களுக்கிடையே ஒரு கோலைக் கடித்து அதன் வழியே ஒலியை உணரலாம் என்று எழுதியிருக்கிறார். இரண்டு வழிகளிலும் போகும் ஒலி உள்காதில் ஒரே விதமாகத்தான் வேலை செய்கிறது என்பதை 1932இல் பெக்கேசி காட்டினார். எலும்பு வழியே ஒரு சுரத்தையும் காற்று வழியே அதே சுரத்தையும் செலுத்தி, ஒன்றால் மற்றொன்றை அழித்துக் காட்டினார். உள்காது ஆய்வுகளுக்காக 1961இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எஞ்சிய சிக்கல் தோல்தான். அதிர்வியைத் தலைமேல் இறுக்கிக் கட்டினால் வலிக்கும். தளர்த்தினால் அதிர்வைத் தோலும் சதையும் விழுங்கிவிடும்.

விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. ஸ்வீடனின் ப்ரோனமார்க் 1950களின் தொடக்கத்தில் முயல்களின் கால் எலும்பில் டைட்டேனியக் கூடு ஒன்றைப் பொருத்தி, எலும்பு ஆறும் விதத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஆய்வு முடிந்து கூட்டைக் கழற்றப் பார்த்தால் வரவில்லை. எலும்பு அதைத் தன்னுடையதாக ஏற்றுக்கொண்டிருந்தது. 1965இல் அவர் அதைக் கொண்டு ஒருவருக்குப் பல் பொருத்தினார். 1977இல் கோத்தன்பர்க் நகரில் மருத்துவர் செல்ஸ்ட்ரோம் காதுக்குப் பின்னால் அதே உலோகத் திருகை வைத்தார். அதில் மாட்டும் அதிர்வியைப் பொறியாளர் ஹோகன்சன் உருவாக்கினார். இன்று தோலுக்கடியிலேயே அதிர்வியை வைத்து, வெளியே காந்தத்தால் கருவியை ஒட்டும் வகைகளும் வந்துவிட்டன.

அக்காவுக்குப் பொருத்தியது பழைய வகை. சில மில்லிமீட்டர் நீளத் திருகு, தோலுக்கு வெளியே ஒரு சிறு குமிழ். செலவு முழுவதும் அவளுடைய சேமிப்பு. எலும்பு பிடித்துக்கொள்ள மூன்று மாதம் காத்திருந்தோம். கருவியை மாட்டிய அன்று முதலில் அவள் கேட்டது, "இது என்ன சத்தம்?" மின்விசிறி.

அதற்கடுத்த வாரம் அண்ணன் ஊரிலிருந்து வந்திருந்தார். அப்பா கட்டிய வீட்டை விற்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அப்பா உயில் எழுதவில்லை, அம்மாவும் இல்லை. 1956ஆம் ஆண்டின் வாரிசுச் சட்டப்படி மூவருக்கும் சம பங்கு. அக்கா எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் தணிந்த குரலில் எதையும் பேசலாம் என்பது அந்த வீட்டின் நெடுங்காலப் பழக்கம். கருவி பொருத்தி ஒரு வாரத்தில் பழக்கம் போய்விடுமா? "அக்காகிட்ட என்ன கேக்குறது? காட்டுற இடத்துல கையெழுத்துப் போடும்" என்று ஒரு குரல் சொன்னது.

அக்காவின் கை நின்றது. ஒரு பக்கம் பொருத்திய திருகு மண்டையோடு முழுவதையும் அதிரச் செய்கிறது. இரண்டு உள்காதும் சேர்ந்தே கேட்கின்றன. அதனால் ஒலி வரும் திசை தெரியாது. குரல்களும் அவளுக்குப் பழக்கமில்லை. கத்திப் பேசும்போது எல்லோர் குரலும் ஒன்றுதான். அவள் அண்ணனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"யாருடா சொன்னது?"

சொன்னவன் நான். அண்ணன் தரையைப் பார்த்தார். நானும் பேசாமல் இருந்தேன். எங்கள் வீட்டில் முதல் முறையாகப் பதில் சொல்லாமல் இருந்தது அக்கா அல்ல.

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. மறுநாள் மூன்று விஷயங்களைச் சொன்னாள். அதே மெல்லிய குரல்தான். விலையைத் தன்னிடமும் சொல்ல வேண்டும். தன் பங்கு தன் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். பத்திரத்தைத் தனக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

"நீயே ஆயிரம் பத்திரம் அடிச்சவ. படிச்சுக்கலாமே" என்றேன்.

"அடிச்சிருக்கேன். ஒண்ணையும் கேட்டதில்லை" என்றாள்.

வரைவு வந்ததும் ஒரு பிற்பகலில் வாசித்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். நான்கு எல்லைகளில் கிழக்கெல்லை தவறாக இருந்ததைத் திருத்தினாள். பிறர் தூண்டுதல் இன்றி முழுச் சம்மதத்துடன் என்ற இடம் வந்தபோது என் குரல் இறங்கியிருக்க வேண்டும். அவள் கண்ணைத் திறந்தாள்.

"அன்னிக்குச் சொன்னது நீதான்டா."

"ஆமா அக்கா" என்றேன்.

"சரி. அந்த வரியைத் திரும்பப் படி. சத்தமா" என்றாள்.