உழாமல் விட்டால் குத்தகை தரும் அரசு!

அமெரிக்க வரைபடத்தில் ஓக்லஹோமா மாநிலம் கைப்பிடி வைத்த வாணலி மாதிரி இருக்கும். அந்தக் கைப்பிடியின் மேற்கு நுனியில் இருக்கிறது சிமரோன் கவுன்ட்டி. கவுன்ட்டி என்றால் கிட்டத்தட்ட நம் மாவட்டம். கொலராடோ, கன்சாஸ், நியூ மெக்சிகோ, டெக்சாஸ் என 4 வெளிமாநிலங்களைத் தொட்டு நிற்கும் கவுன்ட்டி அந்த நாட்டிலேயே இது ஒன்றுதான். பரப்பளவு 1,800 சதுர மைலுக்கும் மேல். மக்கள்தொகையோ, 2020 கணக்கெடுப்பின்படி வெறும் 2,296!

தலைநகர் பாய்ஸ் சிட்டி. ஊர் நடுவே கோர்ட் கட்டடம், அதைச் சுற்றி வரும் சாலை. 1943 ஜூலையில், பயிற்சிக்கு வந்த அமெரிக்க விமானமே இந்தச் சதுக்கத்தின் விளக்குகளை இலக்கு என்று நினைத்துக் குண்டு போட்ட கதை உண்டு. நல்லவேளை, யாருக்கும் உயிர்ச்சேதமில்லை.

ஊரைத் தாண்டினால் கோதுமை, சோளம், மேய்ச்சல் நிலம். நடுநடுவே எதுவும் விதைக்காமல், யாரும் அறுக்காமல் புல் மட்டும் வளர்ந்து நிற்கும் வயல்கள். 'கவனிக்க ஆளில்லாத தரிசு போல' என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அப்படிப்பட்ட பல வயல்களில் அந்தப் புல் நிற்பதற்காகவே வாஷிங்டனிலிருந்து ஆண்டுதோறும் பணம் வருகிறது.

காரணம் 1930-களில் இருக்கிறது. முதல் உலகப்போர் காலத்தில் கோதுமைக்கு நல்ல விலை. காலங்காலமாக மண்ணைப் பிடித்து வைத்திருந்த புல்லை உழுது தள்ளினார்கள். பிறகு மழை பொய்த்தது. காற்று மண்ணை அள்ளியது. 1935 ஏப்ரல் 14-ம் தேதி எழுந்த புழுதிப் புயல் பகலையே இரவாக்கியது. ஜன்னலில் ஈரத்துணி கட்டியும் வீட்டுக்குள் புழுதி வந்தது. மறுவருடம் புகைப்படக்காரர் ஆர்தர் ராத்ஸ்டீன் இங்கே எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது: புழுதிக்குள் ஓடும் ஒரு விவசாயி, இரண்டு சிறுவர்கள், பாதி புதைந்த கொட்டகை.

அப்போது நொடித்துப்போன நிலங்களை அரசு விலைக்கே வாங்கியது. ரீட்டா பிளாங்கா தேசியப் புல்வெளி என்று இன்று இருப்பது அப்படி வந்ததுதான். 1985-ல் வழி மாறியது. அந்த ஆண்டுச் சட்டப்படி, அரிப்புக்கு ஆளாகும் விளைநிலத்தில் விவசாயி புல் வளர்க்க வேண்டும். அரசு 10 முதல் 15 வருடங்களுக்கு ஏக்கர் கணக்கில் குத்தகைப் பணம் தரும். புல் விதைக்கும் செலவிலும் பாதி வரை கிடைக்கும். ஒருவருக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 50,000 டாலர். கடும் வறட்சியில் அந்தப் புல்லை வெட்டவோ மாடு மேய்க்கவோ சிறப்பு அனுமதி உண்டு.

இதில் ஒரு முரண் இருக்கிறது. புல்லை உழுது பயிர் செய்தவருக்குத்தான் இந்தக் குத்தகை. தாத்தா காலத்திலிருந்து உழாமலே காத்தவருக்கு அது கிடையாது! மேய்ச்சல் நிலங்களுக்கென்று தனிப் பிரிவு வந்தது 2014-க்குப் பிறகுதான்.

ஊருக்கும் இது இருமுனைக் கத்தி. மழையை நம்பிக் கடன் வாங்கும் விவசாயிக்கு, விளைந்தாலும் விளையாவிட்டாலும் வரும் இந்தப் பணம் பெரிய ஆறுதல். ஆனால் உழாத நிலத்துக்கு விதை வேண்டாம், உரம் வேண்டாம், டீசல் வேண்டாம், கூலியாளும் வேண்டாம். அந்தக் கடைக்காரர் எதை விற்பார்? குத்தகைக்கு நிலம் தேடும் இளம் விவசாயி அரசோடு போட்டி போட வேண்டும். அதனால்தான், ஒரு கவுன்ட்டியின் விளைநிலத்தில் பொதுவாக 25 சதவிகிதத்துக்கு மேல் சேர்க்கக் கூடாது என்று சட்டமே எல்லை போட்டிருக்கிறது.

2007-ல் நாடு முழுக்க 3.68 கோடி ஏக்கர் இத்திட்டத்தில் இருந்தது. அடுத்து தானிய விலை எகிறியது. ஒப்பந்தம் முடிந்த பல நிலங்கள் மறுபடி ஏர் கண்டன. 2014 சட்டம் உச்சவரம்பையே 2.4 கோடி ஏக்கராகக் குறைத்தது. 2018-ல் அதை 2.7 கோடியாக உயர்த்தினார்கள்.

ஒப்பந்தம் முடியும் நாள் செப்டம்பர் 30. புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம், இல்லையென்றால் டிராக்டரை இறக்கலாம். சிமரோனில் குளிர்காலக் கோதுமை விதைக்கும் பருவமும் அதேதான்.