எண்ணூறு பக்க நெருக்கம்

ஆண்ட்ரூ ராபர்ட்ஸ் 2014இல் எழுதிய நெப்போலியன் வாழ்க்கை வரலாறு எண்ணூறு பக்கங்களைத் தாண்டும். படித்த நண்பன் "செம புத்தகம்டா" என்றான். தோழியோ, "இது வரலாறு இல்ல, வக்கீல் வாதம்" என்றாள். எனக்கு இரண்டுமே சரியாகத்தான் படுகிறது. 1804இன் சிவில் சட்டத் தொகுப்பைத் தந்தவர் அவர். 1794இல் பிரான்ஸ் ஒழித்த அடிமைமுறையை 1802இல் காலனிகளுக்குத் திரும்பக் கொண்டுவந்தவரும் அவரே.

சிக்கல் நீளத்தில் இருக்கிறது. ஒருவருடைய கடிதங்களோடும் காதலோடும் இத்தனை நாள் கூடவே இருந்துவிட்டால், 1815இல் வாட்டர்லூ வரும்போது மனசு அவர் ஜெயிக்கணும்னு கேட்கிறது. குவாதலூப்பில் மறுபடியும் அடிமையாக்கப்பட்டவர்களோடு அப்படிப் பழக நமக்கு எண்ணூறு பக்கம் கிடைப்பதில்லை. புத்தகத்தைத் தாராளமாகப் படியுங்கள். வாட்டர்லூவில் மனசு எந்தப் பக்கம் சாயுதுன்னு மட்டும் கவனிங்க.