டிராக்டரும் ஒரு சின்ன ஒயரும்

முல்லைப் பெரியாற்றில் தண்ணீர் திறந்துவிட்டால் கம்பம் பள்ளத்தாக்கில் டிராக்டர் டிரைவர்களுக்குத் தூக்கம் கிடையாது. நல்ல மழை வருடங்களில் ஜூன் முதல் தேதியே திறந்துவிடுவார்கள். 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்கும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் உழவு வேண்டும். சின்னமனூரை அடுத்த மார்க்கையன்கோட்டையிலும் அதே கதைதான். நாற்று காத்திருக்காது. அந்த நேரம் பார்த்துத்தான் பழைய வண்டிகள் 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் போட்டுவிட்டுச் சும்மா இருக்கும்!

அங்கே ஒரு டிரைவர். அவருடைய பழைய வண்டிக்கும் அதே வியாதி. அதற்கு அவர் ஒரு கைவைத்தியம் வைத்திருந்தார். பின்சக்கரத்துக்கு முன்னால் தரையில் நின்று, கையை உள்ளே விட்டு, செல்ஃப் மோட்டார் மேலிருக்கும் சாலனாய்டின் பெரிய போல்ட்டையும் சின்ன முனையையும் திருப்புளியால் சேர்த்துத் தொடுவார். தீப்பொறி பறக்கும், என்ஜின் பிடித்துக்கொள்ளும். அரை நிமிட வேலை.

"மாமா, இனிமே அங்க நிக்காதீங்க" என்றான் ஐடிஐ முடித்திருந்த அவருடைய அக்கா மகன்.

அவன் பயந்ததில் நியாயம் உண்டு. என்ஜினைச் சுற்றிவிட செல்ஃப் மோட்டாருக்குச் சில நூறு ஆம்பியர் கரண்ட் தேவை. அவ்வளவையும் சாவி வழியாக விட்டால் சாவி உருகிவிடும். அதனால் சாவியிலிருந்து ஒரு சின்ன ஒயர் சாலனாய்டுக்கு மட்டும் போகிறது. உள்ளே இருக்கும் காயில் காந்தமாகி இரும்புத் தண்டை இழுக்கிறது. தண்டு ஒரு பக்கம் பினியனைத் தள்ளி ஃப்ளைவீல் பற்களில் மாட்டுகிறது, மறுபக்கம் பெரிய இரண்டு போல்ட்டுகளையும் இணைக்கிறது. அந்தச் சின்ன ஒயர் வரும் வழியில்தான் நியூட்ரல் சுவிட்ச் இருக்கிறது. கியரில் கிடந்தால் கரண்ட் சாலனாய்டுக்கே போகாது. திருப்புளி இந்தக் காவலைத் தாண்டிவிடுகிறது. டீசல் என்ஜினுக்கு ஸ்பார்க்கும் வேண்டாம், சாவி போடாமலேகூடப் பிடித்துக்கொள்ளும். வண்டி கியரில் இருந்தால் பின்சக்கரம் ஏறுவது தொட்டவர் மேல்தான். அதிலும் தொழிக்காக கேஜ் வீல் மாட்டியிருந்தால்... வேண்டாம்.

இது புதிதாகக் கண்டுபிடித்த பயமும் அல்ல. 1946-இல் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் தயாராகத் தொடங்கிய ஃபெர்குசன் டிஇ20 டிராக்டரில் கியர் லிவரைத் தள்ளினால்தான் ஸ்டார்ட் ஆகும். கியர் போட்டபடி கிளப்பவே முடியாது. அதற்கும் முன்னே, 1911-இல் சார்லஸ் கெட்டரிங் காருக்கு எலக்ட்ரிக் செல்ஃப் செய்தபோது மிச்சமானது, கைப்பிடி சுற்றி மணிக்கட்டை உடைத்துக்கொள்ளும் தொல்லை. ஆளைக் காப்பாற்ற வந்த பொருளைத் திருப்புளியால் ஆபத்தாக்குவது நம்மவர்களின் சிக்கனம்!

பையன் முதலில் பேட்டரியின் எர்த் ஒயரைக் கழற்றினான். (கடைசியில் மாட்ட வேண்டியதும் அதுவே. இல்லாவிட்டால் ஸ்பானர் பாடியில் பட்டதும் வாணவேடிக்கைதான்.) பேட்டரி முனைகளில் பூத்திருந்ததை வெந்நீர் ஊற்றிச் சுரண்டினான். பழைய சாலனாய்டின் செம்புத் தகடு கருகிக் குழி விழுந்திருந்தது, 'டக்' சத்தத்தோடு நின்றுபோனதற்குக் காரணம் அதுதான். புதியதில் பேட்டரி ஒயரை ஒரு பெரிய போல்ட்டிலும் மோட்டார் பட்டையை இன்னொன்றிலும் இறுக்கினான். இரண்டையும் மாற்றிவிட்டால், எர்த் மாட்டியதுமே சாவி இல்லாமல் மோட்டார் வெறுமனே சுற்றத் தொடங்கிவிடும்.

சின்ன ஒயரைத் தடவிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. யாரோ எப்போதோ நியூட்ரல் சுவிட்சின் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்துச் சுற்றியிருந்தார்கள்.

"அது நான்தான்டா" என்றார் மாமா. "அந்த சுவிட்சு அடிக்கடி தகராறு."

அதற்கும் புது சுவிட்ச் வாங்கினார்கள். முணுமுணுத்துக்கொண்டே பணம் கொடுத்தார்.

மறுநாள் விடியற்காலை. சீட்டில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினார். 'டக்' சத்தம்கூட இல்லை.

"என்னடா, இருந்ததையும் கெடுத்துட்டியே!"

பையன் எட்டிப் பார்த்தான். "கியர்ல கிடக்கு மாமா."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. லிவரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு மறுபடி சாவியைத் திருகினார்.