தாழாமை

இரண்டு எதிர்மறை ஓர் உடன்பாடு என்று வகுப்பில் சொல்லித் தருகிறேன். புள்ளியியலார் இதை ஏற்க மாட்டார்கள் போலும். 'தாழ்ந்ததன்று' என்று அவர்கள் சொன்னால் 'உயர்ந்தது' என்றோ 'சமம்' என்றோ பொருளில்லை. குறைந்தாலும் முன்பே வகுத்த எல்லைக்குள்தான் குறையும், அவ்வளவே.

கள்ளிக்குப்பத்தில் அம்மாவின் முதுகில் நாள்தோறும் ஒரு ரிவாஸ்டிக்மின் பேட்ச் ஒட்டுகிறோம், மறதிநோய்க்காக. ஓரம் பெயர்ந்தால் உடலுக்குள் இறங்கும் மருந்தும் குறையும். ஆகவே விலை மலிந்த மாற்றுப் பேட்ச், ஒட்டுவதிலும் மூலத்துக்குத் தாழாதது என்று நிறுவச் சொல்கிறது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு. 90 விழுக்காட்டுக்குக் குறையாமல் ஒட்டியிருந்தால் மதிப்பெண் 0. முற்றும் விழுந்தால் 4. இரண்டின் சராசரி வேறுபாட்டுக்குரிய நம்பிக்கை இடைவெளியின் மேல் எல்லை 0.15ஐத் தாண்டலாகாது என்றது 2016ஆம் ஆண்டு வரைவு. விகிதமாகக் கணக்கிட்டால், மூலத்தின் மதிப்பெண் பூச்சியத்தை நெருங்கும்போது அற்ப வேறுபாடும் மலையாகிவிடும். நன்றாக ஒட்டுவதே குற்றமாகும் விந்தை!

சோதனைக்கு வருவோர் பெரும்பாலும் நலமுள்ள தன்னார்வலர்கள். அம்பத்தூரின் மே மாத வியர்வையும், ஏன் ஒட்டியது என்பதை மறந்து அதையே பிய்க்கத் தேடும் 78 வயது விரல்களும் அந்தச் சராசரியில் சேரவில்லை. விளிம்பை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் கல்லூரிக்குக் கிளம்புகிறேன்.