மூடுமுன் பாருங்கள், பார்த்ததை எழுதுங்கள்



வீடு கட்டுவது நம்மில் பலருக்கு வாழ்நாளில் ஒருமுறை மட்டுமே வாய்க்கும் காரியம். அரபு நாட்டில் பல்லாண்டு உழைத்த பணம், மனைவியின் நகை, பெற்றோர் விட்டுச் சென்ற மனை ஆகிய அனைத்தும் அந்தச் சுவர்களுக்குள் போய்ச் சேருகின்றன. அத்தகைய வீடு முறையாக எழும்புகிறதா என்று பார்ப்பவர் யார்?

இங்கிலாந்தில் அஸ்திவாரக் குழியையும் வடிகாலையும் மூடுவதற்கு முன் கட்டட ஆய்வாளர் வந்து பார்க்கிறார். வேலை முடிந்தபின் நிறைவுச் சான்று அளிக்கிறார். தமிழ்நாட்டிலோ 2024 ஜூலை முதல், 2500 சதுர அடி வரையுள்ள மனையில் 3500 சதுர அடி வரை கட்டப்படும் வீடுகளுக்குச் சுயசான்றின் பேரில் இணையவழியே உடனடி அனுமதி கிடைக்கிறது. அவற்றுக்கு நிறைவுச் சான்றும் தேவையில்லை. அலைச்சல் குறைந்தது நல்லதே. ஆனால், பார்க்கும் பொறுப்பு முழுவதும் வீட்டுக்காரர் தோளில் ஏறிவிட்டதை நாம் உணர்ந்தோமா?

என் தங்கை வீடு கட்டியபோது மச்சான் குவைத்தில் இருந்தார். ஒப்பந்தம் எடுத்தவர் மச்சானுடைய மாமன் மகன். நல்ல மனிதர், தொழில் தெரிந்தவர். நான் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கித் தங்கையிடம் கொடுத்தேன். தேதி, வேலை, பார்த்தவர், கண்ட குறை, திருத்திய நாள், இருவர் கையொப்பம் என்று கட்டம் போட்டோம்.

"ஹஜ்ரத், நமக்குள் எழுத்து எதற்கு?" என்று அவர் சற்றே வருந்தினார்.

அல்பகறா அத்தியாயத்தின் 282ஆம் வசனத்தை அவருக்கு நினைவூட்டினேன். தவணைக் கடனை எழுதிக்கொள்ளுமாறு அவ்வசனம் பணிப்பது ஈமான் கொண்டவர்களைத்தான், பகைவர்களை அன்று. அவர் சிரித்துக்கொண்டே கையொப்பமிட்டார்.

கூரைத் தளம் போட்ட பின்னர்தான் அந்த நோட்டின் அருமை விளங்கிற்று. மற்றோர் இடத்து வேலைக்கு முட்டும் பலகையும் தேவைப்பட்டன. "14 நாள் ஆகிவிட்டது, பிரித்துவிடலாம்" என்றார் அவர். தங்கை நோட்டைப் புரட்டினாள். 9 நாளே ஆகியிருந்தது. சுவருக்குச் சுவர் நாலரை மீட்டருக்கு மேல் இடைவெளியுள்ள தளத்தின் முட்டுகளை 14 நாளுக்கு முன் எடுக்கலாகாது என்பது இந்தியத் தர நிர்ணயத்தின் 456ஆம் எண் விதித்தொகுப்பு கூறுவது. தங்கை வீட்டுக் கூடமோ 5 மீட்டர். அவர் பொய் சொல்லவில்லை. மூன்று இடங்களில் வேலை நடத்துபவருக்கு நாள் மாறிப்போவது இயல்பே. எழுத்து இல்லாதிருந்தால் அவர் சொல்லா, தங்கையின் சொல்லா என்றாகி, வீடும் உறவும் ஒருசேர ஆட்டங்கண்டிருக்கும். தம் கையொப்பத்தைக் கண்டதும் அவர் மறுபேச்சின்றி முட்டுகளை வாடகைக்கு எடுத்து அந்த வேலையை நடத்திக்கொண்டார்.

சகோதரிகளே! கணவர் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் நீங்களே மேற்பார்வையாளர்கள். மூடப்படவிருக்கும் எதையும் பார்க்காமல் விடாதீர்கள். வானம் தோண்டியதும் ஆழத்தையும் மண்ணையும் பொறியாளர் வந்து பார்க்கட்டும். தரை போடுமுன் கரையான் மருந்து அடித்த நாளைக் குறியுங்கள். காங்கிரீட் கொட்டுமுன் கம்பிகளின் கனமும் இடைவெளியும் வரைபடத்தோடு ஒத்துள்ளனவா, கம்பிக்கு அடியில் கவர் பிளாக் வைத்துள்ளார்களா என்று பாருங்கள். தளத்தில் கம்பிக்கு அடியில் குறைந்தது 20 மில்லிமீட்டர் காங்கிரீட் இருக்க வேண்டும். கடற்காற்று வீசும் ஊர்களில் அதைவிடக் கூடுதலாக. இல்லையேல் கம்பி துருப்பிடித்துப் பருத்து, காங்கிரீட்டைப் பெயர்த்துவிடும். சுவருக்குள் செல்லும் தண்ணீர்க் குழாயைப் பூச்சுக்கு முன்பே சோதியுங்கள். காங்கிரீட்டுக்குக் குறைந்தது 7 நாள் தண்ணீர் விட வேண்டும்; வெயில் காலத்திலும் கலப்புச் சிமெண்ட் பயன்படுத்தினாலும் 10 நாள்.

அளவு நாடாவை வைத்துக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பினால், கடல் கடந்திருப்பவரும் காண்பார். நோட்டில் கையொப்பம் விழுந்த பின்னரே அடுத்த தவணைப் பணத்தைக் கொடுங்கள். கொடுத்த தொகையையும் அதே பக்கத்தில் எழுதுங்கள்.

பூச்சு முடிந்தபின் சுவருக்குள் இருப்பதை எவரும் காண இயலாது. அதைச் சொல்ல அந்த நோட்டும் படங்களுமே எஞ்சும். வீட்டுப் பத்திரத்தோடு அவற்றையும் பத்திரப்படுத்துங்கள். பின்னாளில் உங்கள் மக்கள் மாடி எழுப்ப நினைத்தால், பொறியாளர் முதலில் கேட்கப்போவது அஸ்திவாரத்தின் ஆழத்தைத்தான்.